செயின் வாள் பல்லு தீட்டுறது: கேட்டாங்க, சொன்னேன்

ஹட்டன் பக்கம் செயின் தீட்டுறதுதான் நம்ம பொழப்பு. இந்த வாரம் வந்த கேள்விகள்ல சிலது.

நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கடையில கிரைண்டர்ல தீட்டி வாங்கினேன். அரை நாள்கூடத் தாங்கல. அரம் போட்டா வழுக்குது.

பல்லு நுனி நீலம் பூத்திருக்கா பாருங்க. பூத்திருந்தா சூட்டுல பதம் கெட்டுப்போச்சு. ஒரு இடம் கெட்டியாகி அரத்தைத் தள்ளும், இன்னொரு இடம் மெத்துன்னு போய் சட்டுனு மழுங்கும். பழகுற காலத்துல நானும் ஒரு முழுச் செயினை நீலமாக்கினேன். முதலாளி ஒண்ணும் சொல்லல, கடை வாசல்ல ஆணி அடிச்சு அதை மாட்டிவிட்டாரு. தினமும் அதுக்குக் கீழேதான் நுழைவேன்.

கிரைண்டர் கல்லை ஒரு செக்கன் தொட்டு எடுக்கணும். அழுத்திப் பிடிச்சா போச்சு. கல்லு அடைச்சிருந்தாலும் சூடுதான் ஏறும், அப்பப்ப உரசிப் புதுமுகம் எடுக்கணும். நீலம் போற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ங்க. பல்லுல இருக்கிற கடைசிக் கோட்டைத் தாண்டிட்டா செயினை வீசிடுங்க. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி தீட்டுற தடிச்ச கல்லுல மட்டும் கொண்டுபோய் வைக்காதீங்க. பல்லுக்குள்ள அது நுழையவே நுழையாது.

பண்டாரவளை: எந்த அரம் வாங்க?

செயினோட கண்ணி இடைவெளியைப் பொறுத்தது, அதை இன்ச்ல சொல்வாங்க. சின்ன மெஷின்ல வர்ற 3/8 லோ புரொஃபைலுக்கு, அதாவது உயரம் குறைஞ்ச செயினுக்கு, 4.0 மில்லிமீட்டர், பாயிண்ட் 325க்கு 4.8, பெரிய 3/8க்கு 5.2 இல்லாட்டி 5.5. அரத்துல அஞ்சுல ஒரு பங்கு பல்லுக்கு மேல தெரியணும். அரம் பிடிக்கிற சாய்வு பெரும்பாலும் 30 டிகிரி. பல்லு மேல இருக்கிற சாய்ஞ்ச கோடே வழி காட்டும். உள்ளேயிருந்து வெளியே தள்ளுங்க, திரும்பி வரும்போது தூக்கிடுங்க.

மஸ்கெலியா: டர்பன்டைன் மரம் அறுக்கிறப்ப வாள் ஒரு பக்கமா வளைஞ்சு போகுதுங்க.

ஒரு பக்கப் பல்லு குட்டை, இல்லாட்டி மொட்டை. கூரா, நீளமா இருக்கிற பக்கத்துக்குத்தான் இழுக்கும். இருக்கிறதிலேயே குட்டையான பல்லை அளந்து மத்ததெல்லாத்தையும் அந்த அளவுக்குக் கொண்டுவாங்க. இந்த வேலைக்குக் கிரைண்டர்தான் தோது, கையால செஞ்சா விரல் விட்டுப்போகும். அப்பவும் வளைஞ்சா செயின் ஓடுற பாரோட விளிம்பு தேஞ்சிருக்கும்.

தலவாக்கலை அக்கா ஒருத்தங்க: எங்க வீட்டுக்காரர் பழைய தேயிலை வேர் வெட்டுறாரு. சிராயே வரல, மாவுதான் வருது.

வேருல ஒட்டின மண்ணுதான் காரணம் அக்கா. மரத்தைவிட மண்ணுதான் பல்லைத் தின்னும். கழுவி, சுரண்டிட்டு வெட்டச் சொல்லுங்க. புதுச் செயினை அதுக்குப் போடவேண்டாம், பழசு போதும்.

ஹப்புத்தளை: தீட்டினதும் கூராத்தான் இருக்கு, ஆனா மரத்துல இறங்க மாட்டேங்குது.

பல்லுக்கு முன்னால ஒரு திமில் இருக்கே, அது உயர்ந்து நிக்குது. பல்லு நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் அளவு தாழ்ந்திருந்தா போதும். உயரம் அளக்கிற கேஜ் வச்சு, தட்டை அரத்தால ரெண்டு இழுப்பு. கண்ணளவுல ராவிடாதீங்க. ரொம்பத் தாழ்ந்தா வாள் மூஞ்சிக்கு எகிறும்.