வீட்டுக் கோழிக்கு என்ன தீனி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அரிசியும் மக்காச்சோளமும் வயிறு நிறையப் போடுகிறேன். கோழிகள் கொழுகொழுவென்று இருக்கின்றன, முட்டைதான் குறைந்துவிட்டது. ஏன்?

பதில்: வெறும் தானியம் கொழுப்பைத்தான் ஏற்றும். மக்காச்சோளத்தில் புரதம் 8, 9 சதவீதம்தான். முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் வேண்டும். ஒரு கோழி நாளுக்குத் தின்பதே சுமார் 100 முதல் 120 கிராம். அதைத் தானியத்தால் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடம் எங்கே? வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு சேர்ந்தால் முட்டை இன்னும் குறையும். முட்டைக்கோழித் தீவனத்தையே முக்கிய இரையாகக் கொடுங்கள். தானியம் மாலையில் கொஞ்சம் போதும், மொத்த இரையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அப்புறம், இறகு உதிர்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சமயத்தில் முட்டை நிற்பது இயல்புதான்.

கேள்வி: முட்டை ஓடில்லாமல் தோலோடு வருகிறது.

பதில்: பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான். ஒரு ஓட்டுக்கு மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் செலவாகிறது. ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். அதனால் பொடியைவிடக் கரடுமுரடாக உடைத்த கிளிஞ்சல் நல்லது. வயிற்றில் தங்கி மெதுவாகக் கரையும். தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்படும் கோழி தானே கொத்திக்கொள்ளும். முட்டை ஓட்டையும் காயவைத்துக் கொடுக்கலாம். நன்றாக நொறுக்கிவிடுங்கள், முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்தப் பழகிவிடலாம்.

கேள்வி: குஞ்சுகளும் தாய்க்கோழியும் ஒன்றாக மேய்கின்றன. ஒரே தீவனம் போடலாமா?

பதில்: முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனம் போட்டு, பெரியவற்றுக்குக் கிளிஞ்சலைத் தனியாக வைத்துவிடுங்கள்.

கேள்வி: சமையலறை மிச்சங்களைப் போடலாமா?

பதில்: கீரை, காய்கறித் தோல், கொஞ்சம் சோறு எல்லாம் சரி. அவகாடோ, வேகாத காய்ந்த பீன்ஸ், பச்சையாக மாறிய உருளைக்கிழங்குத் தோல், உப்பு மிகுந்தவை வேண்டாம். பூஞ்சை பிடித்த தானியத்தைக் கழுவிக்கூடப் போடாதீர்கள். அதன் நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது.

கேள்வி: கூண்டிலேயே வளர்க்கிறேன், கல் வேண்டுமா?

பதில்: தூள் தீவனம் மட்டும் என்றால் அவசியமில்லை. முழுத் தானியமோ கீரையோ கொடுத்தால் சிறு கற்கள் வேண்டும், பல்லில்லாத கோழி அவற்றை வைத்துத்தான் அரைக்கிறது. கிளிஞ்சல் கரைந்துவிடும் என்பதால் கல்லுக்கு மாற்றாகாது.