பென்சில் கோடுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். 2024 ஜூலையில் அலுவலகப் பயிற்சிக்காக மூன்று வாரம் மியூனிக்கில் இருந்தபோது, ஒரு வார இறுதியில் பேருந்து பிடித்துத் தனியாகச் செக் குடியரசின் தலைநகரான பிராகுக்குப் போனேன். தங்கிய விடுதியின் வரவேற்பு மேசையில் ‘பப் கிரால்’ என்று ஓர் அறிவிப்பு இருந்தது. வழிகாட்டி ஒருவரோடு கூட்டமாக மதுக்கூடம் மதுக்கூடமாகப் போய்க் குடிக்கும் இரவு நடை அது. கட்டணம் 25 யூரோ. முதல் ஒரு மணி நேரம் வேண்டிய அளவு பியர், பிறகு மூன்று மதுக்கூடங்கள், கடைசியில் ஒரு நடன விடுதி. நான் அவ்வளவாகக் குடிப்பவன் அல்லன், இருந்தும் சேர்ந்துகொண்டேன். பிரேசில், போலந்து, கொரியா என்று பல நாட்டவரோடு அன்றிரவு சிரித்துப் பேசினேன். மறுநாள் காலையில் எந்தத் தெரு வழியாகப் போனோம், எந்தக் கடையில் என்ன குடித்தோம் என்று எதுவும் நினைவில் இல்லை. ஊர் திரும்பியதும் நண்பன் ஒருவன், “பிராகுக்குப் போய் இதையா செய்தாய்?” என்று கேலி செய்தான். மூன்று மாதம் கழித்து, அந்த நகரமே இரவு நேர பப் கிராலுக்குத் தடை விதித்துவிட்டது என்ற செய்தியைப் படித்தபோது ஏதோ குற்றம் செய்தவனைப்போல் உணர்ந்தேன். நீங்கள் ஒரு கூட்டத்தில் உங்கள் பிராக் பயணத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். நான் செய்தது பிழையா? அடுத்த ஆண்டு, குடிக்கும் பழக்கமே இல்லாத நண்பர் ஒருவரோடு மீண்டும் அங்கே போக இருக்கிறேன். என்ன செய்யலாம்?

கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் பிராகில் பப் கிரால் போயிருக்கிறேன், அதுவும் நாற்பத்தேழு வயதில். செக் தமிழறிஞர் கமில் சுவலபில் தமிழாய்வு செய்த நகரத்தை, 1968இல் சோவியத் படைகள் நுழைந்தபின் அவர் விட்டுச் சென்ற நகரத்தை, ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற பழைய ஆசையில் 2015 அக்டோபரில் தனியாகப் போயிருந்தேன். நான்கு நாட்கள் பாலங்களையும் தேவாலயங்களையும் சுற்றிப் பார்த்தபின், கடைக்காரர்களிடம் நன்றி சொன்னதைத் தவிர யாரோடும் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது ஐந்தாம் நாள் மாலையில்தான் உறைத்தது. அந்த நிலையில் இருப்பவனிடம் பப் கிரால் விளம்பரத் துண்டுச்சீட்டு ஒன்றை நீட்டினால் அவன் வாங்கத்தான் செய்வான்.

பழைய நகரச் சதுக்கத்திலிருந்து சற்றுத் தள்ளியிருந்த ஒரு நிலவறையில் எங்களைக் கூட்டினார்கள். இருபத்தைந்து பேர் இருந்திருப்போம். என்னைத் தவிர யாருக்கும் முப்பது வயதைத் தாண்டியிருக்காது. பியர் பிளாஸ்டிக் குவளையில் வந்தது. வழிகாட்டி ஓர் ஆஸ்திரேலிய இளைஞர்; பிராகுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது என்று அவரே சொன்னார். இரண்டாவது கடையில் அப்சிந்த் என்ற கடுமையான மூலிகை மதுவை ஊற்றி, சர்க்கரைக் கட்டியில் தீ வைத்து, “இது பழம்பெரும் போஹீமிய வழக்கம்” என்றார். அந்தத் தீ 1990களில் சுற்றுலாவுக்காகப் பிறந்த சடங்கு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதற்கும் முன்பே, கூட்டத்தில் இருந்த ஒரேயொரு செக் பெண், யாரோ ஒருவருடைய தோழியாக வந்திருந்தவர், அந்தத் தீயைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் கவனித்திருந்தேன்.

இரண்டாவது கடைக்கும் மூன்றாவது கடைக்கும் இடையே ஒரு குறுகிய கல்பாவிய சந்து. வழிகாட்டி எங்களை நிறுத்தி, நாடு நாடாகப் பெயர் சொல்லிக் கூவச் சொன்னார். நாங்களும் கூவினோம். அப்போது இரண்டாம் மாடியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு சன்னலருகே வந்து நின்றார். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சன்னலின் இரண்டு கதவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தினார். பிறகு திரையை இழுத்துவிட்டார். தினமும் அதே நேரத்தில் செய்யும் வேலையைச் செய்பவர்போல் இருந்தது அது. அன்றிரவு குடித்த எதையும்விட அந்தச் சன்னல்தான் எனக்கு நினைவிருக்கிறது.

நீங்கள் எதற்குப் பணம் கொடுத்தீர்கள் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் போன ஆண்டில் பிராகின் சாதாரண மதுக்கூடம் ஒன்றில் அரை லிட்டர் பியர் ஏறத்தாழ 60, 70 கொருனா (செக் நாணயம்). உங்கள் 25 யூரோவுக்கு 600 கொருனாவுக்கு மேல் கிடைத்திருக்கும். அதாவது ஒன்பது பத்து அரை லிட்டர் குவளைகள். உங்களாலும் என்னாலும் ஒரே மாலையில் குடித்து முடிக்க முடியாத அளவு. ஆகவே ‘வேண்டிய அளவு பியர்’ என்பது வெறும் தூண்டில்தான். அன்று நீங்கள் வாங்கியது மனிதர்களை. தனியாகப் பயணம் செய்யும் ஒருவனுக்கு இருபது அந்நியர்களோடு மூன்று மணி நேரம் கூச்சமில்லாமல் பேசும் உரிமையை யாரோ 25 யூரோவுக்கு விற்கிறார்கள் என்றால், அது மோசமான விலை என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் நண்பர் கேலி செய்வதற்கு முன், வேற்று நாட்டில் ஐந்து நாட்கள் தனியாகச் சாப்பிட்டுப் பார்க்கட்டும். கொரியரோடும் பிரேசில்காரரோடும் சிரித்துப் பேசினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அன்று நீங்கள் செக் மதுக்கூடத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால், இல்லை. அதன் காரணம் மதுவில் இல்லை, நடையில் இருக்கிறது. ஒரு கடையில் நாற்பது நிமிடம், பிறகு எழுந்து அடுத்த கடை என்பதுதான் கிராலின் அமைப்பு. செக் மதுக்கூடமோ முழுக்க முழுக்க உட்காருவதற்காக உருவானது. இதை நான் மறுநாள் பிற்பகலில்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் ஓர் அவமானத்தின் வழியாக.

ஜிஷ்கோவ் என்ற பகுதியில், தலைவலியோடு, ‘ஹோஸ்போதா’ என்று அவர்கள் சொல்லும் சாதாரண மதுக்கூடம் ஒன்றில் நுழைந்தேன். ஏற்கெனவே ஒரு முதியவர் இருந்த மேசையிலேயே பரிசாரகர் எனக்கும் இடம் காட்டினார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. என் முன்னால் ஓர் அட்டையைப் போட்டார். அதன்மீது ஒரு குவளை வந்தது. அருகில் ஒரு நீளக் காகிதத் துண்டை வைத்து அதில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். முக்கால்வாசி குடித்திருந்தபோது, கேட்காமலேயே இரண்டாவது குவளை வந்தது, இரண்டாவது கோடு விழுந்தது. நான் நம் ஊர்ச் சிக்கனத்தோடு, பழைய குவளையில் மிச்சமிருந்ததைப் புதிய குவளையில் ஊற்றினேன். எதிரே இருந்த முதியவர், சோற்றில் யாரோ கை கழுவிவிட்டதைப் பார்ப்பவர்போல என்னைப் பார்த்தார். இளஞ்சூடாகி நுரை செத்துப்போன பியரைப் புதியதோடு கலப்பது அங்கே பெரும்பிழை.

அதோடு நிற்கவில்லை. கையில் பேனாவும் கண்முன் காகிதமும் இருந்தால் சும்மா இருக்க முடியாத தொழில் என்னுடையது. அந்தக் காகிதத் துண்டில், முந்தைய இரவின் சன்னலைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டேன். மூன்றாவது குவளையோடு வந்த பரிசாரகர் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அந்தத் துண்டுக்கு ‘லீஸ்டெக்’ என்று பெயர். அதுதான் ரசீது, அதுதான் கணக்குப் புத்தகம். அதில் வாடிக்கையாளர் கைவைக்கக் கூடாது. அவர் ஒன்றும் சொல்லாமல் புதிய துண்டு ஒன்றை எடுத்து, பழையதிலிருந்த இரண்டு கோடுகளை அதில் போட்டு, மூன்றாவதையும் சேர்த்து, என் இலக்கியத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். முதியவர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். அதன்பிறகு இரண்டு மணி நேரம், அவருக்குத் தெரிந்த ஜெர்மனும் எனக்குத் தெரிந்த ஆங்கிலமுமாகப் பேசிக்கொண்டிருந்தோம். பெரும்பகுதி அவருடைய முழங்கால் வலியைப் பற்றி. போதும் என்றால் அட்டையை எடுத்துக் குவளையின்மீது மூடிவிட வேண்டும் என்று சொல்லித்தந்தவரும் அவர்தான்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைப் பாருங்கள். அட்டையால் குவளையை மூடும்வரை பியர் வரும், கோடு ஏறும், எழுந்து போகும்போதுதான் பணம். கோடுகள் கூடக் கூட நீங்கள் அந்த மேசைக்கு உரியவர் ஆகிறீர்கள். இப்படி ஒரு மேசையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அதையே சொந்தமாக்கிக்கொண்டவர்களுக்கு அங்கே தனிப்பெயரும் இருக்கிறது, ‘ஷ்டாம்காஸ்ட்’ என்று. ஹுசோவா தெருவில் ‘தங்கப்புலி’ என்று பெயர் கொண்ட ஒரு மதுக்கூடம் இருக்கிறது. எழுத்தாளர் போஹுமில் ஹ்ரபால் அங்கே அப்படியொரு நிலையான விருந்தாளி. 1994 ஜனவரியில் அமெரிக்க அதிபர் கிளின்டன் பிராக் வந்தபோது, செக் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அவரை அழைத்துப்போய் உட்காரவைத்தது ஹ்ரபாலின் மேசையில்தான். வல்லரசின் அதிபரைக்கூட நான்கு கடைகளுக்கு நடத்திக் கூட்டிப்போகவில்லை; ஒரு மேசை போதுமாக இருந்தது.

உலகிலேயே ஆளுக்கு மிக அதிகமாகப் பியர் குடிக்கும் நாடு செக் குடியரசு. 2020களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 130 லிட்டர் என்று கணக்குச் சொன்னார்கள். அந்த எண்ணை வைத்து அவர்களைக் குடிகாரர்கள் என்று முடிவுகட்டிவிடுவது எளிது. ஆனால் பியர் அங்கே ஊர்ப்பொது விவகாரமாக இருந்து வந்திருக்கிறது. 1838இல் பில்சென் நகரத்தில் பியர் கெட்டுப்போய்விட்டது என்று 36 பீப்பாய்களை நகர மன்றத்துக்கு முன்னால் தரையில் கொட்டிவிட்டார்கள். அதன்பிறகு நகரத்தாரே கூடிப் புதிய ஆலை ஒன்றைக் கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசப் குரோல் என்ற வடிப்பாளரை வரவழைத்தார்கள். 1842இல் அவர் வெளிர்நிற மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஜாடெட்ஸ் பகுதியின் ஹாப்ஸ் பூக்கள், அவ்வூரின் மென்னீர் ஆகியவற்றைக்கொண்டு வடித்த பொன்னிற லாகரின் வழிவந்தவைதான் இன்று உலகம் முழுவதும், நம் ஊர்க் கடைகளிலும்கூட, ‘பியர்’ என்ற பெயரில் விற்கப்படுவனவற்றில் பெரும்பாலானவை. குவளையில் பியர் பிடிப்பவரே அங்கே ஒரு கைவினைஞர். ஒரே குழாயிலிருந்து மூன்று விரல் நுரையோடு பிடித்தால் ‘ஹ்லாடிங்கா’. குவளை முழுக்கக் கிட்டத்தட்ட நுரையாகவே பிடித்தால் ‘ம்லீகோ’, பால் என்று பொருள். குளிர்ந்த நீரில் அலசிய குவளையைச் சாய்த்துப் பிடித்து அவர் குழாயைத் திறப்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவருக்கு அந்தப் பிளாஸ்டிக் குவளை ஏன் கூச்சத்தைத் தருகிறது என்பது புரியும்.

இனி அந்தத் தடை. 2024 அக்டோபரில் பிராக் நகர நிர்வாகம் எடுத்த முடிவின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, வழிகாட்டி வைத்து நடத்தப்படும் பப் கிரால்களுக்குத் தடை. மதுக்கூடங்களை மூடவில்லை. நீங்களும் உங்கள் நண்பரும் தாமாக ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போவதையும் யாரும் தடுக்கவில்லை. தடுக்கப்பட்டது அந்தக் கூட்ட நடைதான். இதை நான் நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். மதுக்கூடத்துக்குள் எழும் சத்தம் பெரும்பாலும் நான்கு சுவருக்குள் அடங்கிவிடும்; கிராலின் சத்தமோ இரண்டு கடைகளுக்கு நடுவே, மக்கள் உறங்கும் சந்துகளில் நிகழ்வது. மலிவு விமானங்கள் வந்தபின், திருமணத்துக்கு முந்தைய கொண்டாட்டம் என்று பிரிட்டனிலிருந்து வார இறுதிதோறும் இளைஞர் கூட்டங்கள் வந்திறங்கிய நகரம் அது. நான் பார்த்த சன்னலைப்போல் எத்தனை சன்னல்கள் எத்தனை இரவுகள் சாத்தப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் போனபோது தடை இல்லை. ஆகவே குற்றம் என்ற சொல்லெல்லாம் வேண்டாம். நானும்தான் அந்தச் சந்தில் நின்று “இந்தியா” என்று கூவினேன்.

நடந்தபடி குடிப்பது எங்குமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. அயர்லாந்தின் டப்ளினில் 1988 முதல் இலக்கிய பப் கிரால் ஒன்று நடக்கிறது. டியூக் தெருவில் இருக்கும் மதுக்கூடம் ஒன்றின் மாடியில் தொடங்கி, நடிகர்கள் இருவர் ஐரிஷ் எழுத்தாளர் பெக்கெட் முதலியோரின் எழுத்துகளிலிருந்து சிறு காட்சிகளை நடித்துக்காட்டியபடி, நகரத்தின் வரலாற்றைச் சொல்லியபடி, கடைக்குக் கடை கூட்டிப்போகிறார்கள். குடிப்பது அவரவர் விருப்பம், அவரவர் காசு. அங்கே நடையின்போதுதான் விஷயமே இருக்கிறது. கடைகளில் நிற்பது இடைவேளை. பெயர் ஒன்றுதான் என்றாலும் இரண்டும் இரு வேறு காரியங்கள்.

அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு என் யோசனை இது. நகர மையத்தை விட்டுச் சற்று விலகி, டிராமில் இரண்டு மூன்று நிறுத்தம் போய், ஒரே ஒரு மதுக்கூடத்தைத் தேர்ந்தெடுங்கள். மாலை ஐந்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அதன்பிறகு மேசைகள் ‘முன்பதிவு’ அட்டையோடு நிற்கும். உட்காருமுன், இந்த இடம் காலியா என்று சைகையிலாவது கேளுங்கள். குவளைகளை மோதிக்கொள்ளும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து “நா ஸ்த்ராவீ” என்று சொல்லுங்கள். கண்ணைப் பார்க்காவிட்டால் மரியாதைக் குறைவு. உங்களுக்குப் பத்து டிகிரி பியர் போதும். அந்த டிகிரி ஆல்கஹாலின் அளவு இல்லை, நொதிப்பதற்கு முந்தைய மால்ட் சாற்றின் அடர்த்தி. பத்து டிகிரி என்றால் ஆல்கஹால் ஏறத்தாழ 4 சதவீதம்தான். பயந்துவிட வேண்டாம்.

குடிக்காத உங்கள் நண்பருக்காகக் கவலைப்படாதீர்கள். ‘கோஃபோலா’ என்று ஒரு கறுப்புப் பானம் உண்டு. கோகோ கோலாவுக்குப் போட்டியாக 1960 வாக்கில் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவானது, மூலிகை வாசமும் லேசான கசப்பும் உள்ளது. பல மதுக்கூடங்களில் அதையும் குழாயிலிருந்துதான் பிடித்துத் தருவார்கள், அதே அரை லிட்டர் குவளையில். பரிசாரகர் அதற்கும் லீஸ்டெக்கில் ஒரு கோடு போடுவார். காகிதத்தில் மட்டும் எதுவும் எழுதிவிட வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவையுங்கள்.

அன்புடன்