மூழ்கிய நெல், உதிரும் மிளகாய்ப் பூ, மஞ்சளாகாத வாழை: பயிர் ஹார்மோன் கேள்வி-பதில்

கேள்வி: சம்பா நட்டு 30 நாள். ஐப்பசி மழையில் வயல் எட்டு நாள் முழுக்க மூழ்கிவிட்டது. பக்கத்து வயலில் சி.ஆர். 1009 சப்1 தப்பிவிட்டது. என்னுடைய சாதா சி.ஆர். 1009 தண்ணீர் வடிந்ததும் படுத்துவிட்டது. இரண்டும் ஒரே ரகம்தானே? (திருவாரூர்)

பதில்: ஏறக்குறைய ஒரே ரகம்தான். வித்தியாசம், சப்1 ரகத்தில் சேர்த்த சப்1ஏ என்ற மரபணுவில்.

நெற்பயிர் எப்போதும் கொஞ்சம் எதிலீன் என்ற ஹார்மோன் வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் அது கலைந்து போய்விடும். தண்ணீருக்குள் வாயு பரவும் வேகம் காற்றில் உள்ளதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால், மூழ்கிய செடிக்குள்ளேயே எதிலீன் தேங்குகிறது. அது வளர்ச்சியை அடக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைக் குறைத்து, நீளத் தூண்டும் ஜிப்ரலின் ஹார்மோனின் கையை ஓங்கவிடும். உடனே செடி நீர்மட்டத்தை எட்டிப் பிடிக்க விறுவிறுவென நீள ஆரம்பிக்கும். இருப்பில் உள்ள மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். தண்ணீர் வடியும்போது நிமிர்ந்து நிற்கத் தண்டில் பலமும் இருக்காது, புது இலை விடச் சத்தும் இருக்காது.

சப்1ஏ இதைத் தலைகீழாக்குகிறது. எதிலீன் சேர்ந்ததும் இந்த மரபணு இயங்கி, ஜிப்ரலினைத் தடுக்கும் எஸ்.எல்.ஆர்.1 வகைப் புரதங்களைக் கூட்டிவிடும். செடி நீளாமல் மூச்சடக்கிக் கிடக்கும். ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ-யில் இருந்து வந்தது இது. 9-வது குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டார்கள். வழக்கமான கலப்பினம் மூலம்தான் நம் ரகங்களில் சேர்த்திருக்கிறார்கள். மரபணு மாற்றுப் பயிர் என்று பயப்பட வேண்டாம்.

இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். நாலைந்து தூரைப் பிடுங்கி, வேருக்கு மேலே ஒரு விரற்கடை விட்டு நெடுக்காகக் கீறிப் பாருங்கள். உள்ளே குருத்து வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி, நசுக்கினால் கூழாக வந்தால் அந்தத் தூர் போய்விட்டது. பிழைத்த பயிருக்கு, வடிந்த அன்றே யூரியா போடாதீர்கள். வேரும் இலையும் தேறாதபோது தழைச்சத்தை அதனால் பயன்படுத்த முடியாது. நாலைந்து நாளில் புது இலை எட்டிப் பார்த்ததும், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். செத்த இடங்களை, அதிகமாகத் தூர் கட்டிய குத்துகளைப் பிரித்து நிரப்பலாம்.

அடுத்த வருடம் சப்1 போடுவதானால் அதன் எல்லையும் தெரிந்திருக்கட்டும். நாற்றுப் பருவத்திலும் தூர் கட்டும் பருவத்திலும் இரண்டு வாரம் வரை முழுக்க மூழ்கினால் தாங்கும். மாதக்கணக்கில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தாழ்வயலுக்கு உதவாது. அங்கே நீளத் தெரிந்த பயிர்தான் பிழைக்கும். பூக்கும் நேரத்தில் மூழ்கினாலும் காப்பாற்றாது. நேரடி விதைப்பில் விதை தண்ணீருக்கடியில் முளைப்பதும் வேறு மரபணுவின் வேலை. மழைக்கு முந்தைய வாரம் யூரியாவை அள்ளி விட்டிருந்தால் சப்1 பயிர்கூடத் திணறும். பச்சை பசேலென இருக்கும் பயிரில் மாவுச்சத்து இருப்பு குறைவு.

கேள்வி: மாதுளைக் குச்சிக்கு வேர்விட ஐ.பி.ஏ. தூள் வாங்கினேன். தண்ணீரில் கரையவே இல்லை. அப்படியே கலக்கி நனைத்து நட்டேன். சில குச்சிகள் அடியில் உருண்டையாக வீங்கி நிற்கின்றன, வேர் இல்லை, சில கறுத்துவிட்டன. (தேனி)

பதில்: ஐ.பி.ஏ. தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் கரையும். கரையாத துகள் ஒட்டிய குச்சிக்கு அளவுக்கு மீறிய மருந்து, மற்றதற்கு ஒன்றுமே இல்லை. வீக்கமும் கறுப்பும் அதிக அளவின் அடையாளம்.

2000 பி.பி.எம். (லிட்டருக்கு 2000 மில்லிகிராம்) கரைசல் 100 மில்லி செய்ய: 200 மில்லிகிராம் ஐ.பி.ஏ.யை 50 மில்லி எத்தனால் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் முழுக்கக் கரையுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு 100 மில்லிக்குக் கொண்டுவாருங்கள். அவசரமாக ஊற்றினால் பால்போல் வெளுக்கும். மருந்து திரும்பப் பிரிகிறது என்று அர்த்தம். கொஞ்சம் ஆல்கஹால் விட்டால் தெளிந்துவிடும். 200 மில்லிகிராம் என்பது கண்ணளவில் எடுக்கக் கூடியதல்ல, நகைக்கடைத் தராசு வேண்டும். பென்சில் கனமுள்ள குச்சியின் அடி 2 செ.மீ. மட்டும் 5 முதல் 10 விநாடி முக்கி, ஆல்கஹால் காய்ந்தபின் நடுங்கள். மீந்ததைப் புட்டியில் திரும்ப ஊற்ற வேண்டாம். இளந்தண்டுக்கு 500 முதல் 1000, பாதி முற்றியதற்கு 1000 முதல் 3000, நன்கு முற்றிய குச்சிக்கு 3000-க்கு மேல் என்பது பொதுக் கணக்கு. மாதுளைக்கு 2000-இல் தொடங்கிப் பத்துக் குச்சியில் சோதித்துவிட்டு ஏற்றுங்கள்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? ஐ.பி.ஏ. செல்லுக்குள் போய் செடியே தயாரிக்கும் ஆக்சின் ஹார்மோனான ஐ.ஏ.ஏ.யாக மாறுகிறது. அது டி.ஐ.ஆர்.1 என்ற ஏற்பியில் (ஹார்மோனை உணரும் புரதம்) உட்கார்ந்து, மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும் தடுப்புப் புரதங்களை அழிக்கச் சொல்லும். தடை விலகியதும் வேர்க் கரு உருவாகிறது. ஆனால் உருவான வேர் நீள வேண்டுமானால் ஆக்சின் அளவு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் செல்கள் வேராகாமல் வெறும் கட்டியாகப் பெருகும், எதிலீனும் கூடும், மேல் மொட்டும் விழிக்காது. ஐ.ஏ.ஏ.யையே நேரடியாக வைக்கலாமே என்றால், வெளிச்சத்திலும் செடியின் நொதிகளாலும் அது சீக்கிரம் சிதைந்துவிடும்.

குச்சியைத் தலைகீழாக நட்டுவிடாதீர்கள். ஆக்சின் மேலிருந்து அடிநோக்கி மட்டுமே கடத்தப்படுகிறது. கடத்தும் ‘பின்’ (PIN) என்ற புரதங்கள் ஒவ்வொரு செல்லின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. திருப்பி நட்டால் அவை திசை மாறுவதில்லை. அடியை நேராகவும் நுனியைச் சாய்வாகவும் வெட்டி வைத்தால் குழப்பம் வராது.

கேள்வி: மிளகாயில் பூ கொட்டுகிறது. 4.5% என்.ஏ.ஏ. திரவம் எவ்வளவு? கூடுதலாக அடித்தால் கூடுதலாக நிற்குமா? (ராமநாதபுரம்)

பதில்: நாலரை லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, அது 10 பி.பி.எம். பத்து லிட்டர் டேங்குக்கு 2.2 மில்லி. மூடியில் ஊற்றாமல் ஊசிக்குழலில் அளந்து எடுங்கள். நட்ட 60, 90-ஆம் நாட்களில், வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கவும்.

கூட்டினால் எதிர்மாறாகும். என்.ஏ.ஏ. ஒரு செயற்கை ஆக்சின். பூக்காம்பின் அடியில் பிரியும் அடுக்கு ஒன்று உண்டு. ஆக்சின் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கும்வரை எதிலீனின் பேச்சு அங்கே எடுபடாது. அதிக ஆக்சினோ செடியை எதிலீன் தயாரிக்க வைத்துவிடும். ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சை உதிர்க்க இதே என்.ஏ.ஏ.யைத்தான் அடிக்கிறார்கள். தண்ணீர்ப் பற்றாக்குறையாலோ இலைப்பேனாலோ பூ கொட்டினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: 2,4-டி களைக்கொல்லி அடித்த ஸ்ப்ரேயரில், கழுவிவிட்டுத்தான், பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்தேன். புது இலையெல்லாம் தவளைக்கால்போல் குறுகி நரம்பு நீண்டு வருகிறது. வைரஸா? (பெரம்பலூர்)

பதில்: வைரஸ் இல்லை. தெளித்த எல்லாச் செடியிலும் ஒரே நேரத்தில், தெளித்த பிறகு வந்த இலையில் மட்டும் தெரிகிறதல்லவா? 2,4-டி செயற்கை ஆக்சின். முன்பு சொன்ன அதே டி.ஐ.ஆர்.1 ஏற்பியில்தான் உட்காரும். அகன்ற இலைச் செடியால் அதை எளிதில் சிதைக்க முடியாது. நெல்லும் மற்றப் புல்லினங்களும் அதைச் செயலிழக்க வைத்துவிடும். பருத்தியோ மிக மிகக் கூச்ச சுபாவம். டேங்கின் ரப்பர் குழாயிலும் வாஷரிலும் தங்கிய மிச்சமே போதும்.

மாற்று மருந்து கிடையாது. சிறிதளவு பட்டிருந்தால் சில வாரத்தில் நல்ல இலை வரும். தண்ணீரும் உரமும் தவறாமல் கொடுங்கள். குருத்தே சுருண்டு தண்டு வெடித்திருந்தால் காத்திருப்பது வீண். டேங்கைக் கழுவ வெறும் தண்ணீர் போதாது. லிட்டருக்கு 10 மில்லி வீட்டு அம்மோனியா கலந்து, குழாய், நாசில்வரை நிரப்பி ஓர் இரவு ஊறவிட்டு, மூன்று முறை அலசுங்கள். ப்ளீச்சிங் பவுடரை இதனுடன் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். களைக்கொல்லிக்குத் தனி ஸ்ப்ரேயர் வாங்குவதுதான் லாபம்.

கேள்வி: வாழைத்தாரை எதிலீன் அறையில் வைத்தோம். உள்ளே கனிந்துவிட்டது, தோல் பச்சையாகவே இருக்கிறது. எதிலீன் போதவில்லையா? (திருச்சி)

பதில்: போதாமல் இருந்தால் உள்ளேயும் கனிந்திருக்காது. உங்கள் பிரச்சினை சூடு. கேவண்டிஷ் வகை வாழை 24 டிகிரிக்கு மேல் பழுத்தால் தோலின் பச்சையம் சரியாகச் சிதையாது. சதை மட்டும் இளகிக்கொண்டே போகும். பழுக்கும்போது காயே வெப்பம் விடும் என்பதால் அறையின் அளவைப் பார்த்தால் போதாது, சீப்பின் நடுவே வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 16 முதல் 18 டிகிரி, ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதம், எதிலீன் 100 பி.பி.எம்.முக்கு மிகாமல் 24 மணிநேரம். பிறகு கதவைத் திறந்து காற்று மாற்றுங்கள். கரியமில வாயு தேங்கினால் எதிலீனின் வேலை மங்கும். 13 டிகிரிக்குக் கீழே இறக்கினால் தோல் சாம்பல் பூத்துக் கறுக்கும். எதிலீனை வெளியிடும் எத்திஃபான் கரைசலில் காயை முக்குவதற்கு அனுமதி இல்லை, கார்பைடு அறவே தடை.

கேள்வி: தக்காளி மத்தியானம் தொங்கிவிடுகிறது. தினமும் தண்ணீர் விட்டும் அப்படித்தான். (கிருஷ்ணகிரி)

பதில்: மத்தியானம் பார்த்து முடிவெடுக்காதீர்கள், விடியற்காலை பாருங்கள். காலையில் நிமிர்ந்திருந்தால் பிரச்சினையே இல்லை: உச்சிவெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவே. இலையில் அப்சிசிக் அமிலம் கூடி, காவல் செல்களிலிருந்து உப்புகளை வெளியேற்றி இலைத்துளையை மூடிச் சமாளித்துக்கொள்ளும்.

காலையிலும் தொங்கினால் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். சேறாக இருந்தால் தினசரிப் பாசனமே காரணம். காற்றில்லாத வேரில் செல் சாறு அமிலமாகி, நீர் புகும் புரத வாய்க்கால்கள் அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் நின்றும் செடிக்குத் தாகம். மண் பதமாக இருந்தும் தொங்கினால், அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக நூல்போல் இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தச் செடியை வேர்மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், அங்கிருந்து தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடவிடாதீர்கள், அந்த இடத்தில் கத்தரியும் மிளகாயும் கூட வேண்டாம்.