அழைத்தவர் யார் என்று எப்படித் தெரியும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கின்றன: "இப்படி ஓர் அழைப்பு வந்தது, நம்பலாமா?" நான் எப்போதும் சொல்வதையே இப்போதும் சொல்கிறேன். வந்த வழியில் திரும்பிப் போகாதீர்கள். துண்டித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த வழியில் நீங்களே போய்க் கேளுங்கள். கீழே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கார்டு எண்ணைக் கொடுத்தேன். போலித் தளம் என்று இப்போது சொல்கிறார்கள். பூட்டு இருந்தும் எப்படி?

ப: முதலில் வங்கியை அழைத்து கார்டை முடக்குங்கள். கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் விஷயமா இது?

உங்கள் பிரவுசருக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டுக்கு அர்த்தம். தளத்தை நடத்துபவன் யோக்கியனா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இதற்கான சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு 2015 இறுதியிலிருந்து யார் கேட்டாலும் இலவசமாகக் கொடுக்கிறது. நல்ல காரியம்தான், இணையம் முழுக்கப் பூட்டு பரவியதற்கு அது பெரிய காரணம். ஆனால் மோசடிக்காரனுக்கும் அதே பூட்டு சில நிமிடங்களில் கிடைத்துவிடும். பூட்டைப் பார்த்து மக்கள் தவறாக நம்புகிறார்கள் என்பதாலேயே குரோம் 2023-ல் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு அடையாளம் வைத்தது.

பார்க்க வேண்டியது முகவரியை. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். 'உங்கள்வங்கி.உதவி-மையம்.காம்' என்றிருந்தால் அது 'உதவி-மையம்' என்ற பெயரை வாங்கியவனுடைய தளம். முன்னால் ஒட்டியிருக்கும் வங்கிப் பெயரை அவன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கே: இன்காக்னிட்டோவில் (பார்த்த தளங்களை போனில் பதிந்து வைக்காத பிரவுசர் முறை) பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே?

ப: உங்கள் போனை அடுத்து எடுப்பவருக்குத் தெரியாது. இணைய இணைப்பு கொடுப்பவருக்கும், அலுவலக நெட்வொர்க்கை நிர்வகிப்பவருக்கும், நீங்கள் போன தளத்துக்கும் தெரியும். இதையொட்டி கூகுள் மீது அமெரிக்காவில் 2020-ல் வழக்குப் போட்டார்கள். 2024-ல், சேர்த்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

கே: ஹேக் ஆகிவிட்டது, உதவுங்கள்.

ப: எது? மின்னஞ்சலா, வாட்ஸ்அப்பா, வங்கிக் கணக்கா? உள்ளே போக முடிகிறதா, முடியவில்லையா? மூன்றே வார்த்தையில் எழுதினால் நான் எதைச் சொல்ல? பொதுவாகச் சொல்கிறேன். எந்தக் கணக்கு போயிருந்தாலும் முதலில் மின்னஞ்சலைக் காப்பாற்றுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் அதை வைத்துத்தான் மாற்ற முடியும். பாஸ்வேர்டை மாற்றிய கையோடு எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸில் இரண்டு இடங்களைப் பாருங்கள். உங்களுடையதல்லாத மீட்பு எண்ணோ மின்னஞ்சலோ சேர்ந்திருக்கிறதா? உங்களுக்கு வரும் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி ஏதாவது விதி இருக்கிறதா? இந்த இரண்டாவதைப் பலரும் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் திருடன் மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பான்.

கே: என் பழைய பாஸ்வேர்டைத் தலைப்பில் போட்டு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. என் கேமராவை ஹேக் செய்து வீடியோ எடுத்துவிட்டதாகவும், பிட்காயின் அனுப்பாவிட்டால் எல்லோருக்கும் அனுப்பிவிடுவதாகவும் மிரட்டுகிறான். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

ப: நிம்மதியாகத் தூங்குங்கள். அவனிடம் அந்தப் பாஸ்வேர்டைத் தவிர வேறு எதுவும் இருக்க வாய்ப்பில்லை. என்றோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் உங்கள் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் சேர்ந்தே இருந்திருக்கும். 2012-ல் லிங்க்ட்இன்னிலிருந்து திருடுபோன சுமார் 12 கோடிப் பேரின் விவரங்கள் 2016-ல் விற்பனைக்கு வந்தன. அதுபோன்ற பட்டியல்களை வைத்துக்கொண்டு 2018-லிருந்து ஒரே கடிதத்தை லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்புகிறார்கள். உங்களைத் தனியாகக் குறிவைத்து எழுதியதல்ல அது. வீடியோ இருந்தால் ஒரு படத்தையாவது காட்டியிருப்பான்.

பணம் அனுப்ப வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். அந்தப் பாஸ்வேர்டு இன்னும் எங்காவது உயிரோடு இருந்தால் இன்றே மாற்றுங்கள். வேறெங்கே கசிந்திருக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருப்பதை நம்பித்தான் அவன் பிழைக்கிறான்.

கே: ரீசன்ட் லிஸ்டில் இருக்கும் ஆப்களை அடிக்கடி மூடினால் பேட்டரி மிச்சமாகுமா?

ப: ஆகாது. மறுபடி முதலிலிருந்து திறக்கக் கூடுதலாகத்தான் செலவாகும்.

கே: என் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து என்று ஒரு பெண் அழைத்து, 'சரிபார்ப்புக்காக' என் பிறந்த தேதியையும் முகவரியையும் கேட்டார். நீங்கள் எழுதியிருந்தபடி துண்டித்துவிட்டேன். மறுநாள் நானே அழைத்தபோது, அது அவர்களுடைய அழைப்புதான் என்றார்கள். அவமரியாதையாக நடந்துகொண்டேனோ என்று சங்கடமாக இருக்கிறது.

ப: ஒரு சங்கடமும் வேண்டாம், நீங்கள் செய்ததுதான் சரி. சங்கடப்பட வேண்டியது அந்த நிறுவனம்.

யோசித்துப் பாருங்கள். அழைத்தது அவர்கள். உங்கள் எண் அவர்களிடம் இருக்கிறது, எந்த எண்ணை அழைத்தோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் யார் என்பதற்குத்தான் உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. திரையில் தெரியும் எண்ணையும் பெயரையும் போலியாகக் காட்ட முடியும் என்பது பல வருடமாகத் தெரிந்த கதை. அப்படியிருக்க, நிரூபிக்க வேண்டியவர் கேள்வி கேட்கிறார், சந்தேகப்பட வேண்டியவர் பதில் சொல்கிறார். மோசடிக்காரன் பேசுவதும் இதே வசனத்தைத்தான்.

எனக்கும் இது நடந்தது. நான் கணக்கு வைத்திருக்கும் ஒரு நிதி நிறுவனத்திலிருந்து அழைத்து, பிறந்த தேதி கேட்டார்கள். "நீங்கள் அங்கிருந்துதான் பேசுகிறீர்கள் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் திகைத்துப்போனார். அவர் கையிலிருந்த தாளில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தத் தாளை எழுதியவர்கள்மேல்தான் கோபம். வாடிக்கையாளர் இப்படிக் கேட்கக்கூடும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

இதே நிறுவனங்கள்தான் 'யாரிடமும் விவரங்களைப் பகிராதீர்கள்' என்று விளம்பரம் செய்கின்றன. அடுத்த வாரமே 'இன்றைக்குள் விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் சேவை நிறுத்தப்படும்' என்று, எங்கே போகிறது என்றே தெரியாத சுருக்கப்பட்ட லிங்க்கோடு செய்தி அனுப்புகின்றன. கருத்துக் கணிப்புக்கு, தங்கள் பெயரே இல்லாத ஏதோ ஒரு முகவரியிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. வருடம் முழுக்க இப்படிப் பழக்கிவிட்டு, ஒருநாள் ஒரு முதியவர் போலி லிங்க்கைத் தொட்டுச் சேமிப்பை இழந்தால், "விவரத்தை நீங்கள்தானே கொடுத்தீர்கள்" என்கிறார்கள். அந்தப் பதிலைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லும் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியது யார்?

வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனின் மான்ஸோ வங்கி, இந்த நிமிடம் தன் ஊழியர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறாரா இல்லையா என்பதைத் தன் ஆப்பிலேயே காட்டுகிறது. அதுகூட வேண்டாம், "எங்கள் பொது எண்ணை அழைத்து இந்தக் குறிப்பு எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சொன்னால் போதும். செய்திகளில் லிங்க்கே போடாமல் "ஆப்பைத் திறந்து பாருங்கள்" என்று எழுதலாம். இதற்கெல்லாம் பெரிய செலவும் ஆகாது.

நீங்கள் அந்த நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள், நானும் எழுதியிருக்கிறேன். மற்றவர்களுக்கு: திரும்ப அழைக்கும்போது எண்ணை கார்டின் பின்பக்கத்திலிருந்தோ காப்பீட்டுப் பத்திரத்திலிருந்தோ எடுங்கள். தேடுபொறியில் தேடி வரும் முதல் 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைக்காதீர்கள், போலி எண்களை அங்கே விளம்பரமாகவே போட்டு வைக்கிறார்கள். லேண்ட்லைனில் வந்த அழைப்பென்றால் வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள். சில இடங்களில், அழைத்தவன் வைக்காதவரை இணைப்பு அறுபடுவதில்லை.

கே: மகன் குரலிலேயே அழைப்பு வந்தது. விபத்து, உடனே பணம் வேண்டும் என்று அழுதான். பெற்றவளுக்குப் பிள்ளையின் குரல் தெரியாதா?

ப: தெரியும் அம்மா. ஆனால் குரலை இப்போது நகலெடுக்க முடிகிறது, சில நொடிப் பதிவே போதும். 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர் வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளை முகத்தோடு பார்த்துப் பேசிவிட்டு, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் எல்லோருமே போலி. அலுவலகத்தில் அமர்ந்து பேசியவரே ஏமாறும்போது, பதறிய தாய் ஏமாறுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மனம் கேட்காவிட்டாலும் துண்டித்துவிடுங்கள். மகனின் எண்ணை நீங்களே அழையுங்கள், கிடைக்காவிட்டால் அவனோடு இருப்பவர்களை. குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். அதை நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள்.

கே: அலுவலகத்தில் மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். கடைசி எண்ணை மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போகிறேன். தப்பா?

ப: நீங்கள் மட்டுமல்ல, எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். திருடனுக்கும் அது தெரியும். அதனால்தான் அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017-லேயே தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. உங்கள் அலுவலகத்தில் அதை எடுத்துக் காட்டுங்கள். நீளமான பாஸ்வேர்டு, ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு, எல்லாம் ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் (பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமித்து வைக்கும் ஆப்). ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் வைத்திருப்பவர்கள் எனக்கு எழுதும் முன் அதைச் சரிசெய்துவிட்டு எழுதுங்கள்.

கே: பொது இடத்தில் சார்ஜ் போட்டால் தகவலைத் திருடிவிடுவார்களாமே?

ப: முடியும் என்று 2011-ல் ஹேக்கர்கள் மாநாட்டில் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு போன்கள் மாறிவிட்டன. தகவல் பரிமாற்றத்துக்கு இப்போது உங்கள் அனுமதி கேட்கும். பொதுமக்களில் யாரும் இப்படி இழந்ததாக உறுதியான செய்தி எதையும் நான் பார்த்ததில்லை. சொந்த சார்ஜரை பிளக்கில் செருகினால் இந்தக் கவலையே இல்லை.

கே: முதலீட்டு மோசடியில் பெரிய தொகை போய்விட்டது. அதை மீட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் தொடர்புகொண்டது. இழந்ததில் 10 சதவீதத்தை மட்டும் முன்பணமாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ப: கொடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், ஒரு காசும் கொடுக்காதீர்கள். நீங்கள் இழந்தது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? ஒன்று, ஏமாற்றிய அதே கும்பல். இல்லையென்றால் அந்தக் கும்பல் உங்கள் பெயரை இவர்களுக்கு விற்றிருக்கிறது. ஏமாந்தவர்களின் பட்டியலுக்குத் தனி விலை உண்டு. முன்பணம் வாங்கி ஏமாற்றுவது 19-ஆம் நூற்றாண்டிலேயே 'ஸ்பானியக் கைதி' என்ற பெயரில் தபாலில் நடந்த மோசடிதான். சிறையில் இருக்கும் செல்வந்தரை விடுவிக்கக் கொஞ்சம் பணம் அனுப்பினால் பங்கு தருவதாக எழுதுவார்கள். அனுப்பியவரிடம் மேலும் மேலும் கேட்பார்கள்.

காவல்துறையிலும் வங்கியிலும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பேச்சுக்களின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். பணம் திரும்ப வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இருப்பதும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

கே: எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஓ.டி.பி. போதாதா? தனி ஆப் எதற்கு?

ப: ஒன்றுமே இல்லாததற்கு எஸ்.எம்.எஸ். எவ்வளவோ மேல். ஆனால் திருடன் உங்கள் எண்ணையே வேறொரு சிம்முக்கு மாற்றிவிட்டால் ஓ.டி.பி. அவனுக்குத்தான் போகும். 2019-ல் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்ஸியின் ட்விட்டர் கணக்கே, எண்ணைக் கைப்பற்றியவர்களிடம் சிக்கியது. தளம் அனுமதித்தால், உங்கள் போனிலேயே எண்ணை உருவாக்கித் தரும் ஆதன்டிகேட்டர் ஆப்புக்கு மாறுங்கள். பாஸ்கீ வசதி (பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் கைரேகையையோ பூட்டையோ வைத்து நுழைவது) இருந்தால் இன்னும் நல்லது, அது போலித் தளத்தில் வேலையே செய்யாது. எதுவானாலும், போனில் கேட்பவரிடம் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். திரையைப் பகிரச் சொன்னாலும் பகிராதீர்கள்.

கே: பழைய போனை விற்கப் போகிறேன். போட்டோக்களை அழித்துவிட்டேன். போதும்தானே?

ப: போதாது. பேக்கப் எடுத்த பின், ஆதன்டிகேட்டரையும் வாட்ஸ்அப்பையும் புதிய போனுக்கு மாற்றுங்கள். பிறகு கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அதைச் செய்யாவிட்டால் வாங்குபவரால் போனைத் திறக்க முடியாது. கடைசியாக ஃபேக்டரி ரீசெட். கடந்த சில வருடங்களில் வந்த போன்களில் எல்லாமே குறியாக்கத்தில், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவில், இருப்பதால், ரீசெட் செய்ததும் சாவி அழிந்து, மீதித் தகவல் படிக்க முடியாததாகிவிடும். பத்து வருடத்துக்கு மேற்பட்ட போன் என்றால் விற்காதீர்கள். கையை விட்டுப் போகுமுன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை ட்ரேயைத் திறந்து பாருங்கள்.