ஸ்பீடாமீட்டர் இல்லாத காருக்கு 430 கோடியா?

கேள்வி: நியூயார்க்கில் 2023ஆம் ஆண்டு ஒரு பழைய ஃபெராரி கார் 5.17 கோடி டாலருக்கு ஏலம் போனதாம். நம் பணத்தில் சுமார் 430 கோடி ரூபாய்! ஏசி கிடையாது, ரேடியோ கிடையாது. இதைப் பணக்காரர்களின் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? எங்கள் தாத்தாவின் பியட் கார்கூட ஷெட்டில் நிற்கிறது. அதற்கும் ஒரு நாள் நல்ல விலை வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஏசி, ரேடியோவோடு நிறுத்திக்கொண்டீர்களே! நீங்கள் சொல்வது ஃபெராரியின் 250 ஜிடிஓ வரிசைக் கார். அந்த வரிசையில் ஸ்பீடாமீட்டரே கிடையாது. என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் பெரிய முள்தான் ஓட்டுநரின் கண்ணெதிரே இருக்கும். பந்தயத்தில் முன்னால் போகிறவனை முந்தினால் போதும், மணிக்கு எத்தனை மைல் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? தரைவிரிப்பு இல்லை, சீட்டுக்குத் துணி உறை. கியர்க் கம்பி, மூடாத உலோகத் தட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் நகரும். அலுமினிய உடலை இத்தாலியின் மோடெனா நகரில் செர்ஜியோ ஸ்காலியெட்டியின் பட்டறைக்காரர்கள் கையால் தட்டித்தட்டி வளைத்தார்கள். அதனால் ஒரு வண்டியைப் போல் இன்னொன்று அச்சாக இருக்காது.

1962 முதல் 1964 வரை இப்படி 36 கார்கள் செய்தார்கள். நான்கு லிட்டர் என்ஜினோடு வந்த மூன்றையும் சேர்த்து 39 என்பவர்களும் உண்டு. ஏன் இவ்வளவு குறைவு என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது. ஜிடி என்ற பந்தயப் பிரிவில் ஓட வேண்டுமானால் 100 கார்களாவது செய்திருக்க வேண்டும் என்பது சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதி. நிறுவனத்தின் முதலாளி என்ஸோ ஃபெராரி, "இது புதுக் கார் அல்ல, எங்கள் பழைய 250 ஜிடிக்குப் புதுச் சட்டை" என்ற பாணியில் வாதாடி அனுமதி வாங்கிவிட்டார். ஜிடிஓ என்பதில் உள்ள 'ஓ' எழுத்துக்கு இத்தாலிய மொழியில் 'அங்கீகாரம் பெற்றது' என்று பொருள்! இரண்டு ஆண்டு கழித்து 250 எல்எம் என்ற இன்னொரு பந்தயக் காருக்கும் இதே கதையைச் சொன்னார், அதிகாரிகள் மசியவில்லை. அவர் விதிப்படி 100 ஜிடிஓ செய்திருந்தால், இன்று நீங்கள் எனக்கு இந்தக் கேள்வியை எழுதியிருக்க மாட்டீர்கள்.

புதிதாக இருந்தபோது அமெரிக்காவில் இதன் விலை 18,000 டாலர். பணம் இருந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவர் யார் என்று பார்த்து என்ஸோவே தலையசைக்க வேண்டும். அப்படிப்பட்ட கார், பந்தய வாழ்வு முடிந்ததும் பழைய வண்டியாகிவிட்டது. ஒன்றை டெக்ஸாஸில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்தார்கள். பள்ளி அதை 1972இல் 6,500 டாலருக்குத் தள்ளிவிட்டது. வாங்கியவரோ அதை ஒஹையோவில் ஒரு வெட்டவெளியில், டிரெய்லரின் மேல், ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் பனியிலும் நிறுத்திவைத்தார். பிறகு விலை ஏறியதற்குக் காரணம் காரில் எதுவும் மாறியது அல்ல. சிறுவயதில் அதன் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தவர்கள் வளர்ந்து பணக்காரர்களானார்கள். அவ்வளவுதான்.

அவர்கள் வாங்குவது தகரத்தை அல்ல, ஐயா, ஜாதகத்தை. சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின் எண், என்ஜின் எண், கியர்பாக்ஸ் எண் மூன்றும் பிறந்தபோது இருந்தவைதானா? எந்தப் பந்தயத்தில் யார் ஓட்டினார், எங்கே மோதியது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? நீங்கள் சொல்லும் கார், 1962இல் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் பந்தயத்திலும் பிரான்ஸின் லே மான் பந்தயத்திலும் ஃபெராரியின் சொந்த அணிக்காகவே ஓடியது. அந்தப் பெயருக்குத்தான் பணம். அதே வடிவத்தில் அச்சு அசலாக ஒரு நகல் செய்து தரக் கைகாரர்கள் இருக்கிறார்கள்; அதற்கு இந்த விலையில் ஒரு துளிகூடக் கிடைக்காது. 2019இல் இத்தாலியின் போலோனா நீதிமன்றம் ஜிடிஓவின் வடிவத்தைக் கலைப்படைப்பு என்றே ஏற்றுக்கொண்டது. நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது!

இதில் கை சுட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 1988இல் என்ஸோ இறந்ததும் ஃபெராரி என்று பெயர் பொறித்த எல்லாவற்றின் விலையும் ஏறியது. எஃப்40 காருக்கு வரிசையில் இடம் பிடித்து, அந்த இடத்தையே லாபத்துக்கு விற்றார்கள். 400 கார்கள்தான் என்று தொடங்கிய நிறுவனம் 1,300க்கு மேல் செய்தது. 90களின் தொடக்கத்தில் சந்தை சரிந்தபோது, உச்சத்தில் வாங்கியவர்கள் வாய் திறக்கவில்லை. இவர்கள்மேல் எனக்கு இரக்கம் கிடையாது. பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக் குழுவின் டிரம்மர் நிக் மேசன் 70களிலேயே ஒரு ஜிடிஓ வாங்கி, பல ஆண்டுகள் பந்தயத் திடல்களில் ஓட்டினார். குளிர்பதனக் கிடங்கில் பூட்டி வைப்பவர்களைவிட அவர்மேல் எனக்கு மரியாதை.

இருக்கட்டும். முதல் பாதியில் பைத்தியம் என்று திட்டிவிட்டு, இரண்டாம் பாதியில் தாத்தா காருக்கு விலை விசாரிக்கிறீர்களே! உங்களையும் அந்தப் பைத்தியம் லேசாகத் தொட்டிருக்கிறது. உங்கள் பியட்டும் இத்தாலிய வம்சம்தான். ஆனால் பம்பாயில் செய்து ஊருக்கு ஊர் டாக்சியாக ஓடிய வண்டிக்குக் கோடிகள் வராது. ஆர்.சி. புத்தகம், முதல் பில், தாத்தா அதன்மேல் சாய்ந்து நிற்கும் படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். சாவியைத் திருப்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். ஒயர்களை எலி மிச்சம் வைத்திருக்கிறதா என்று.