கோச்சிடம் போலீஸ் சான்றிதழ் கேட்டால் தப்பா?

கோடை முகாம் நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்தாலே இந்தப் பகுதிக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வந்து குவியும். ஷட்டில், கராத்தே, நீச்சல், பாட்டு, சிலம்பம் என்று பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறோமே, சொல்லிக்கொடுப்பவர் எப்படிப்பட்டவர் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் கோடை விடுமுறைக்கு ஷட்டில், கராத்தே, செஸ் மூன்றுக்கும் வெளியிலிருந்து மாஸ்டர்களை வரவழைக்கிறோம். கமிட்டியில் நானும் இருக்கிறேன். போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கலாமே என்று மீட்டிங்கில் சொன்னதற்கு, “நாம என்ன ஸ்கூலா நடத்துறோம்?” என்று ஒருவர் சிரித்துவிட்டார். கேட்க வேண்டுமா, வேண்டாமா?
*— ஒரு வாசகி, ஈரோடு*

சிரித்தவரிடம் போக்சோ விதிகளை, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் விதிகளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சட்டம் 2012-இல் வந்தது, இப்போதுள்ள விதிகள் 2020 மார்ச்சில் வந்தன. குழந்தைகள் தங்குகிற இடமோ, குழந்தைகளோடு தொடர்ந்து பழகுகிற இடமோ, அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவரையும் போலீஸ் மூலம் விசாரித்துப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், அதையும் ஒரு தடவையோடு விடாமல் அவ்வப்போது செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. பள்ளிகளோடு விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். பாடம் நடத்துபவர், நடத்தாதவர், நிரந்தரம், கான்ட்ராக்ட் என்ற வித்தியாசம் கிடையாது. உங்கள் அசோசியேஷன் இந்த வரையறைக்குள் வருமா என்று ஒரு வக்கீல் அரைமணி நேரம் வாதாடலாம். வாதாடட்டும். மாஸ்டரைக் கூப்பிடுவது நீங்கள், பணம் கொடுப்பது நீங்கள், பிள்ளைகள் உங்களுடையவர்கள். கேட்பதற்கு இன்னும் யார் அனுமதி வேண்டும்?

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் ஒருவர் தன்னைப் பற்றித் தானே விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கலாம், வேலைக்கு எடுப்பவர் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. கட்டணம் உண்டு. அதை அசோசியேஷனே கட்டிவிடுங்கள், ஒரு மாத முகாமுக்கு வருகிறவர் தலையில் அதையும் கட்டுவது நியாயமில்லை. ஏப்ரல் கடைசியில் நினைத்துக்கொண்டு ஓடாமல் பிப்ரவரியிலேயே ஆரம்பியுங்கள்.

சான்றிதழ் வாங்கியதும் வேலை முடிந்தது என்று ஃபைலில் போட்டுவிடாதீர்கள். பல முகாம்களில் நடப்பது இதுதான்: கையெழுத்துப் போட்டு, ஆதார் கொடுத்து, சான்றிதழ் காட்டியவர் முதல் இரண்டு நாள் வருவார். மூன்றாம் நாள் “மாஸ்டருக்கு ஒரு டோர்னமென்ட், நான் அவரோட சீனியர் ஸ்டூடன்ட்” என்று இருபது வயதுப் பையன் ஒருவன் விசிலோடு வந்து நிற்பான். அவன் யார்? எந்த ஊர்? கமிட்டியில் யாருக்கும் தெரியாது, வாட்ச்மேனுக்கு மட்டும் பைக் நம்பர் தெரியும். அதனால் யாரெல்லாம் வருவார்கள் என்று முதலிலேயே எழுதி வாங்கி, அந்தப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் சான்றிதழ் கேளுங்கள். பட்டியலில் இல்லாதவர் வந்தால் அன்றைக்கு வகுப்பு இல்லை, அவ்வளவுதான்.

இவர் இதற்கு முன் சொல்லிக்கொடுத்த இரண்டு இடங்களுக்கு நீங்களே போன் செய்வதும் முக்கியம். “நல்லா சொல்லித் தருவாரா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “மறுபடியும் கூப்பிடுவீங்களா?” என்று கேளுங்கள், எதிர்முனை யோசிக்கிறதா என்று கவனியுங்கள்.

இதெல்லாம் அதிகப்படி என்று யாராவது சொன்னால் 2024 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் நடந்ததை நினைவுபடுத்துங்கள். ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளை இரவில் பள்ளியிலேயே தங்கவைத்தார்கள். அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. முகாம் நடத்தியவர்களுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை என்பது மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான பிறகுதான் வெளியே வந்தது. முகாமுக்கு முன்னால் என்.சி.சி. அலுவலகத்துக்கு யாராவது ஒரு போன் போட்டிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும்.

முப்பது வருடமாகச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது என்னிடம் படிக்கிறார்கள். போன மாதம் ஒரு பள்ளியில் போலீஸ் சான்றிதழ் கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். மனசு விட்டுப்போச்சு. திருடனைக் கேட்பதுபோல் என்னைக் கேட்கலாமா?
*— ஓர் ஆசான், தஞ்சாவூர் மாவட்டம்*

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. பள்ளி கேட்ட விதத்தில் மரியாதைக் குறைவு இருந்திருந்தால் அது தப்பு. கேட்டது தப்பில்லை. உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சண்டை போடலாம். ஆனால் அங்கே வேன் டிரைவர், ஆயாம்மா, பி.டி. சார் வரை எல்லாரிடமும் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்டார்களா என்று நீங்களே விசாரியுங்கள், கேட்கவில்லை என்றால் ஏன் கேட்கவில்லை என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

லண்டனில் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்களே, சம்பளமே வாங்காமல் அ, ஆ சொல்லிக்கொடுக்கிற அம்மாக்கள்கூட அங்கே டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பைக் கடந்துதான் வகுப்புக்குள் போகிறார்கள். தன்னார்வலர்களுக்கு அரசு அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே யாரும் இதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை, லைசென்ஸ் எடுப்பது மாதிரி ஒரு வேலை, முடித்துவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலம்பத்தில் நிலை திருத்த வேண்டும் என்றால் பிள்ளையின் தோளை, மணிக்கட்டைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். அதைச் சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள், எதற்காக எங்கே தொடுவீர்கள் என்பதைப் பிள்ளையிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பெற்றோர் வேலியோரம் நின்று பார்ப்பதைத் தடுக்காதீர்கள். பின்னால் ஒரு பேச்சு கிளம்பினால் உங்களுக்காக நான்கு பேர் வாய்திறந்து பேச இதுதான் உதவும்.

அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகளின் பட்டியலை யார் வேண்டுமானாலும் நெட்டில் பார்க்கலாமாமே? நம் நாட்டில் அப்படி உண்டா?
*— ஒரு வாசகர், திருநெல்வேலி*

பட்டியல் உண்டு, நீங்களும் நானும் பார்க்க முடியாது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தரவுத்தளத்தைப் போலீசும் விசாரணை அமைப்புகளும் மட்டும்தான் திறக்க முடியும். அதனால் நமக்குள்ள வழி போலீஸ் மூலம் கேட்பதுதான். ஃபேஸ்புக்கில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை என்று திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள்.

என் மகளுக்குப் பதிமூன்று வயது, நீச்சலில் மாநில அளவுக்குப் போகக்கூடியவள். கோச் இரவு பத்து மணிக்கு மேல் அவள் நம்பருக்கே மெசேஜ் அனுப்புகிறார். படித்துப் பார்த்தேன், டைமிங், டயட் பற்றித்தான் இருக்கிறது, நடுவில் “யூ ஆர் ஸ்பெஷல்” என்று ஒன்று. அவரிடம் போலீஸ் சான்றிதழ் இருக்கிறது. நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?
*— ஒரு தாய், கோயம்புத்தூர்*

இல்லை. உங்கள் பயத்துக்கு அந்தச் சான்றிதழ் பதிலே இல்லை. பதிவில் வழக்கு இல்லை என்பதைத் தவிர அதில் வேறொன்றும் எழுதியிருக்காது. அவர் கெட்டவர் என்று நானும் சொல்ல வரவில்லை, எல்லாரையும் பாராட்டிப் பேசுகிற ஆளாகவும் இருக்கலாம். ஆனால் டயட் பட்டியலைப் பத்து மணிக்கு மேல் ஒரு பதிமூன்று வயசுப் பெண்ணுக்குத் தனியாக அனுப்ப வேண்டிய அவசியம் என்ன?

இனிமேல் எல்லா மெசேஜும் நீங்கள் இருக்கும் குரூப்பில்தான் வர வேண்டும் என்று நாளைக்கே சொல்லுங்கள். சிரித்த முகத்தோடு சொன்னால் போதும், காரணம் விளக்கத் தேவையில்லை. “அட, ஆமாம் மேடம்” என்று மாற்றிக்கொண்டால் சரி. “என்னைச் சந்தேகப்படுறீங்களா, அப்படின்னா மெடலை மறந்துடுங்க” என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் வேறு குளம் பாருங்கள், மாநில மீட் அடுத்த வருடமும் வரும். வெளியூர் போட்டிகளுக்கு அழைத்துப் போகும்போது யார் யார் கூட வருகிறார்கள், பெண் பயிற்சியாளர் உண்டா, ரூம் யாரோடு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மெசேஜ்களை அழிக்க வேண்டாம். மகளிடம் பேசும்போது “நீ என்ன பண்ணின?” என்று ஆரம்பித்துவிடாதீர்கள், அப்புறம் அடுத்த மெசேஜ் உங்கள் கண்ணுக்கே வராது.

நான் ஒரு விளையாட்டு அகாடமியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோச்சின் மேல் ஒரு மாணவியின் பெற்றோர் புகார் சொன்னார்கள். விசாரித்தோம், உண்மை என்றே பட்டது. பெண்ணின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று போலீசுக்குப் போகவில்லை. “சொந்தக் காரணங்களுக்காக விலகினார்” என்று லெட்டர் கொடுத்து அனுப்பிவிட்டோம். இப்போது வேறு ஊரில் ஒரு பள்ளியிலிருந்து அவரைப் பற்றி விசாரித்து எனக்குப் போன் வந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.
*— பெயர் வேண்டாம்*

மேலே உள்ள கடிதங்களில் எல்லாரும் சான்றிதழ், சான்றிதழ் என்று கேட்கிறார்களே, அந்த மனிதரும் அந்தப் பள்ளிக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பார். சுத்தமாக இருக்கும். சுத்தமாக இருப்பதற்குக் காரணம் உங்கள் குழுதான்.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு ஓட்டையில்தான் பெரிய துயரம் நடந்தது. சோஹம் என்ற ஊரில் 2002-இல் பத்து வயதுச் சிறுமிகள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் ஒரு பள்ளியில் பராமரிப்பு வேலை பார்த்தவன். அவன் மேல் வேறொரு பகுதிப் போலீசிடம் பல பாலியல் புகார்கள் வந்திருந்தன, ஒன்றிலும் தண்டனை இல்லை, தகவலையும் ஒழுங்காக வைத்திருக்கவில்லை, வேலைக்குச் சேர்க்கும்போது பார்த்த சரிபார்ப்பில் ஒன்றும் வரவில்லை. அதன்பிறகு விசாரணைக் குழு போட்டு, 2004-இல் அறிக்கை வந்து, முறையையே மாற்றினார்கள். அங்கே புகாராவது போலீஸ் வரை போயிருந்தது. உங்கள் விஷயத்தில் அதுகூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், போக்சோ 19-ஆவது பிரிவு. பெற்றோர் வேண்டாம் என்றார்கள் என்பதால் இந்தக் கடமை போய்விடாது. சொல்லாமல் விட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. பர்கூர் வழக்கில் தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை, ஆனால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், பார்த்த கையோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். வக்கீல் “விட்டுடுங்க சார், பழைய கதை” என்றால் வேறு வக்கீலைப் பாருங்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் பற்றிய கவலைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவள் யார் என்று தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்புகிற இடத்திலோ வாங்க வேண்டும், முடிந்தவரை பெண் எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் உள்ளவர் வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. நடைமுறையில் எல்லா ஸ்டேஷனும் இப்படியே நடக்கிறது என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன், ஆனால் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்பவர்களிடம் கொஞ்சம் கவனமாகத்தான் நடந்துகொள்வார்கள். நீங்கள் போவதற்கு முன் அந்தப் பெற்றோரைச் சந்தித்து, போகப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பதாக இல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது திடீர் அடியாக விழக் கூடாது. குழந்தைக்கு உதவி தேவை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் பேசச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பள்ளிக்கு என்ன சொல்வது? நல்லெண்ணத்தோடு போலீசுக்குத் தரும் தகவலுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, போனில் சொல்கிற கதைகளுக்குக் கிடையாது. அதனால் முதலில் போலீஸ், பிறகு போன். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் விட்டுவிடாதீர்கள், ஒரே நாளில் முடியுங்கள். பள்ளியிடம் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், நடந்ததை வர்ணிக்கவும் வேண்டாம். “இவர் மேல் எங்களிடம் ஒரு புகார் வந்தது, அதனால்தான் போகச் சொன்னோம், நாங்கள் கொடுத்த லெட்டரில் எழுதிய காரணம் சரியில்லை, போலீசில் சொல்லியிருக்கிறோம்” என்று மட்டும் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டால் வக்கீலிடம் காட்டிவிட்டு எழுத்திலும் கொடுங்கள். அந்த லெட்டரை ரத்து செய்வதாகக் குழுவில் தீர்மானம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுங்கள். குழுவில் யாராவது கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.