முழுநேரமாக ஆர்.வி.யில், அதாவது வண்டியோடு சேர்ந்த நடமாடும் வீட்டில், வாழ்பவர்கள் வளர்ந்த ஊருக்குத் திரும்பிப் போனால் எப்படி இருக்கும்? உறவினர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தலாமா?

எனக்கு அந்த ஊர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிட்ஸ்பர்க். நாலு வயதில் அப்பா அம்மாவோடு வந்து சேர்ந்தேன். அப்பாவுக்கு வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் வேலை, ஊருக்குக் கிழக்கே மன்ரோவில்லில் வீடு. கல்லூரி முடித்ததும் வெளியேறிவிட்டேன். இப்போது ஐந்து வருடமாக நானும் கணவரும் ஆர்.வி.யிலேயே குடியிருக்கிறோம். போன கோடையில்தான் வீட்டை இழுத்துக்கொண்டு அந்த ஊருக்கே போனோம்.

முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி. அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். "எங்க வாசல்லயே போட்டுக்கோ" என்று ஆசையாகச் சொன்னாள். எங்களுடையது பிக்கப் டிரக் இழுக்கிற 34 அடி டிரெய்லர். பிட்ஸ்பர்க்கோ மேடும் பள்ளமுமான ஊர். 37 சதவீதச் சரிவுள்ள தெருகூட அங்கே உண்டு. அக்கா வீட்டு டிரைவ்வே அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் ஏற்றினால் டிரெய்லரின் பின்பக்கம் தரையில் உரசும். தெருவில் நிறுத்தவும் பல இடங்களில் விடமாட்டார்கள். அதனால் மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, ரக்கூன் கிரீக் மாநிலப் பூங்காவில் கரன்ட் வசதியுள்ள இடம் ஒன்றைப் பிடித்தோம். "ஊருக்கு வந்துட்டுக் காட்டுல போய்த் தங்கறியே" என்று அக்காவுக்கு மனத்தாங்கல்.

ஆனால் நாங்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். டிரெய்லரை அங்கே விட்டுவிட்டு டிரக்கில் மட்டும் ஊருக்குள் போவோம். அந்தப் பாதையில் ஃபோர்ட் பிட் சுரங்கம் வருகிறது. மலைக்குள் ஒன்றுமே தெரியாது. வெளியே வந்த நொடியில் பாலம், ஆறுகள், கட்டடங்கள் எல்லாம் ஒரேயடியாகக் கண்ணில் விழும். விமான நிலையமும் அந்தப் பக்கம்தான் என்பதால், சின்ன வயதில் இந்தியாவுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் இதே வழியாகத்தான் வருவோம். சுரங்கம் முடிகிற இடத்தில் அப்பா "வந்தாச்சு" என்பார். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிற நாங்கள் இரண்டு பேரும் எழுந்து உட்காருவோம். இந்த முறை 14 நாளும் காலையில் அந்த வெளிச்சத்துக்குள் வந்தேன். அக்கா வீட்டில் தங்கியிருந்தால் இது கிடைத்திருக்காது.

சரி, எப்படி இருந்தது? முதல் வாரம் வலித்தது. இல்லாமல் போனதைத்தான் கண் தேடியது. அப்பா போன பிறகு விற்ற வீட்டின் முன்னால் வண்டியை மெதுவாக ஓட்டினேன். வாசல் மேப்பிள் மரம் இல்லை. ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை 1986-ல் மூடப்பட்டது. அதன் புகைபோக்கிகளில் 12 மட்டும் இன்று ஒரு ஷாப்பிங் வளாகத்தின் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கவே மனம் வரவில்லை.

கோயிலில் இன்னொன்று நடந்தது. பென் ஹில்ஸ் குன்றின் மேல் இருக்கிற வேங்கடேசுவரர் கோயில், 1970-களில் எழுந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் பாதி அங்கேதான் கழிந்தன. அம்மாவோடு பழகிய ஒரு மாமி என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போ எந்த ஊர்ல இருக்கே?" என்றார். என் டிரைவிங் லைசன்சில் சவுத் டகோட்டா மாநில முகவரி. பல முழுநேரப் பயணிகளைப் போல நாங்களும் அங்கே ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டி வாங்கியது. அதை ஊர் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு எந்த ஊரிலும் இந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன். அங்கே நின்றபோது தொண்டை அடைத்தது. அக்காதான் முந்திக்கொண்டு, "இந்த ரெண்டு வாரம் இங்கதான் மாமி" என்றாள்.

அதற்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. புது ஊருக்குப் போனால் நாங்கள் செய்கிற மாதிரியே இங்கேயும் செய்யத் தொடங்கினேன்: காலையில் நடப்பது, அங்கே இருப்பவர்களிடம் வழி கேட்பது, உள்ளூர்க்காரர்கள் கண்டுகொள்ளாததைப் போய்ப் பார்ப்பது. 1877-லிருந்து மலைச்சரிவில் ஏறி இறங்கும் டுகேன் இன்க்ளைன் வண்டியில் நானும் அக்காவும் வளர்ந்த காலத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. இப்போது ஏறினோம். மேலே நின்று, மூன்று ஆறுகளும் சேருகிற இடத்தைப் பார்த்தபடி அக்கா எனக்குத் தெரியாத பழைய கதைகளாகச் சொன்னாள்.

அதனால் மூன்று நாள் விடுமுறையாகப் போகாதீர்கள். வலிக்கிற நாட்களோடு கிளம்ப வேண்டியிருக்கும். பென்சில்வேனியா மாநிலப் பூங்காக்களில் கோடைக்காலத்தில் தொடர்ந்து 14 இரவு வரை தங்கலாம். அதை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக்கு முந்தைய இரவு அக்கா எங்களோடு டிரெய்லரில் வந்து தங்கினாள். நல்ல மழை, கூரையில் சத்தம். காபிக்குப் பாத்திரம் தேடி அலமாரியைத் திறந்தவள், துணியில் சுற்றி வைத்திருந்த அம்மாவின் ஈயச்சொம்பைப் பார்த்துவிட்டாள். வீட்டைக் காலி செய்தபோது தொலைந்துபோனது என்றே நினைத்திருந்தாளாம். எடை பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட நாங்கள், அதை மட்டும் கூடவே தூக்கிக்கொண்டு அலைகிறோம். காபியை விட்டுவிட்டு ரசம் வைத்தாள். பதினோரு மணிக்கு, மழையோடு, மூன்று பேரும் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம்.